பரண் ஏறாத அக்கா

எங்கள் சீமையில் தண்ணீரைக் கண்டால் எல்லோருக்கும் கிறுக்குப் பிடித்துவிடும். மழை பொய்த்தால் என்ன செய்வதென்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். வெள்ளம் வந்தால் என்ன செய்வதென்று பெரியவர்களுக்கே தெரியாது. எழுபதுகளின் தொடக்கத்தில், சில வருஷம் காய்ந்து கிடந்த பிறகு ஐப்பசி மழை பிடித்தது. கண்மாயில் மிஞ்சுகிற தண்ணீர் வெளியேறும் கலுங்கை, ஊர் ஆண்கள் பனங்கட்டையும் களிமண்ணும் வைத்து அடைத்தார்கள். இன்னும் ஒரு முழம் தண்ணீர் நின்றால் இரண்டாம் போகம் பார்க்கலாமாம். என்ன புத்தியோ! எங்கள் அய்யாவும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

"நம்ம வீடு கரைக்கு நேர் கீழ இருக்கு. என்னத்துக்கு இப்பிடி அடைக்கிறீக?" என்று ஆத்தா கேட்டாள். அம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"வீடு தேடி வர்ற சீதேவிய வெரட்டச் சொல்றியா?" என்றார் அய்யா.

ஆத்தா தன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கினாள். தீப்பெட்டியைப் பவுடர் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அவலும் பொரிகடலையும் தகர டின்னில் பரணுக்கு ஏறின. கிணற்று வடத்தை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அதைப் பிடித்துப் பரண் ஏற எனக்குப் பழக்கினாள். மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிட்டாள். கடைசியாக, அடுத்த நடவுக்கு வைத்திருந்த விதைநெல் மூட்டைகளைத் தன் முதுகிலேயே சுமந்து பரணில் அடுக்கினாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். அவளைப் போல யோசித்த ஒருத்தர் ஊரில் கிடையாது.

அக்கா மட்டும் வெளியே இருந்தாள். அந்த வாரம்தான் வயசுக்கு வந்திருந்தாள். தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டி முற்றத்து மூலையில் உட்கார வைத்திருந்தார். தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் அழைக்கிற நாள்வரை வாசற்படி மிதிக்கக்கூடாது. தனித்தட்டு, தனிப்பாய். அக்காவுக்கு அதில் பெருமைதான். தினமும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் வருகிறதே! எனக்கும் ஒரு வாய் கேட்டால், "நீ ஒக்காரும்போது ஒனக்குத் தருவாக, போடி" என்று சிரிப்பாள். மழையில் குச்சு ஒழுகத் தொடங்கியதும், காலியாக இருந்த மாட்டுக் கொட்டகையில் அவளுக்குக் கட்டில் போட்டுக் கொடுத்தாள் ஆத்தா.

மறுநாள் காலையில் கரை உடைந்தது.

அய்யா விடியுமுன்னே கண்மாய்ப் பக்கம் போயிருந்தார். யாரோ கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது. அடுத்த மூச்சில் முற்றம் முழுக்கச் செந்தண்ணீர். ஆத்தா என்னைத் தூக்கிப் பரணில் ஏற்றிவிட்டு வாசலுக்குப் பாய்ந்தாள். தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்துவிட்டது. அக்கா எதிரே கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டில்மேல் நின்றாள்.

"வாடி! ஓடியா, பரணுக்கு ஏறு!"

"ஆத்தா, அங்குட்டு வெதநெல்லு இருக்கே!"

விதைநெல் இருக்கிற இடத்துக்குத் தீட்டோடு போனால் நெல் முளைக்காது. அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் ஆத்தாதான். எல்லா வீட்டிலும் எல்லா ஆத்தாமாரும் சொல்லிக் கொடுத்ததுதான். வீடே மிதக்கும்போதும் அந்தப் பிள்ளைக்கு அடுத்த வருஷச் சோற்றைப் பற்றிய கவலை.

"நெல்லு நாசமாப் போகட்டும்! நீ வாடி எந்தங்கம்!"

அக்கா சுவரை விட்டுக் கையை எடுத்தாள். வரத்தான் இறங்கினாள். வாரக்கணக்காக ஊறியிருந்த மண்சுவர் அப்போது அவள்மேல் சரிந்தது. பரணிலிருந்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை.

சாயங்காலம் தண்ணீர் வடிந்த பிறகு, அய்யாவும் மாமாவும் மண்ணைத் தோண்டி அவளை எடுத்தார்கள். அய்யா யார் முகத்தையும் பார்க்கவில்லை. விதைநெல்லில் ஒரு மணிகூட நனையவில்லை. தை மாதம் அது முளைத்து ஜோராக நின்றபோது, அந்த நாற்றை வேரோடு பிடுங்கி எறிய வேண்டும்போல எனக்கு வெறி வந்தது. இன்றைக்கும் அந்த ஆத்திரம் ஆறவில்லை.

அக்காவை முற்றத்துச் சேற்றிலேயே பாய் விரித்துக் கிடத்தினார்கள். எங்கள் வீட்டுச் சுவர்கள் நின்றன, கூரை நின்றது. ஆனால் கூடியிருந்த பெண்களில் ஒருத்தி, "தீட்டுக் கழியாத புள்ள. தண்ணி ஊத்தாம உள்ள கொண்டு போகக்கூடாது. வெளியவே இருக்கட்டும்" என்றாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். தூறல் மறுபடியும் விழத் தொடங்கியது.

ஆத்தா குனிந்து அக்காவை இரண்டு கையிலும் வாரி எடுத்தாள். மாமா கைகொடுக்க வந்தார், வேண்டாமென்று தலையசைத்தாள். வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்று அந்தப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுக்கு மேலயுமா தண்ணி ஊத்தணும்?" என்று கேட்டுவிட்டு அக்காவை உள்ளே தூக்கிக்கொண்டு போனாள்.