தாலி கட்டும்போது கேட்ட தும்மல்

அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்பதில் எனக்குக் கோபம் கிடையாது. இதை முதலில் எழுதிவிடுகிறேன். ஊரில் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். என் கோபம் வேறு. வரமாட்டேன் என்று ஒரு ஆள் விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வெள்ளைக்காரன் இருந்த காலம். பூந்தமல்லியில் என் வாத்தியார் பெரிய நாயனக்காரர். காஞ்சிபுரம், திருவள்ளூரிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து அழைத்துப்போவார்கள். மெட்ராஸில் அவரை ஊதச் சொல்லிக் கிராமபோன் தட்டு போட்டிருந்தார்கள். கடைத்தெரு காபி கிளப்பில் அது ஓடும். நான் அவருக்கு ஒத்து ஊதினவன். ஒத்து என்பது நாயனம் மாதிரியே இருக்கும். ஆனால் ஒரே சுரம்தான். அவர் எங்கே சுற்றினாலும் அந்தச் சுரம் கீழே நிற்க வேண்டும். கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் மூச்சு இழுக்க வேண்டும். பெரிய வித்தை இல்லை. நான் படித்ததும் மூன்றாவதோடு சரி.

என் தங்கைக்குச் செம்பரம்பாக்கத்தில் இடம் அமைந்தது. ஏரிப் பாசனத்தில் இரண்டு காணி நிலம். எங்கள் சாதியில் நிலம் உள்ளவன் கிடைப்பது அபூர்வம். மாப்பிள்ளை வீட்டில் கல்யாணம். அவர்கள் உள்ளூர் மேளத்துக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நான்தான் வேண்டாம் என்று நிறுத்தினேன்.

"எங்க வாத்தியாரே வந்து ஊதுறாரு. தட்டுல கேட்டிருப்பீங்களே, அவருதான்" என்றேன்.

பெருமை. அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

வாத்தியாரும் ஒத்துக்கொண்டிருந்தார். "உன் தங்கச்சின்னா எனக்கும் தங்கச்சிதான். வெத்தல பாக்குகூட வேணாம், போ" என்றார்.

நாங்கள் முந்தின நாளே செம்பரம்பாக்கம் போய்விட்டோம். அவரும் தவில்காரர்கள் இரண்டு பேரும் விடியற்காலை வண்டியில் வருவதாகப் பேச்சு. விடிந்தது. வரவில்லை. சைக்கிளில் ஒரு ஆளை அனுப்பினார்கள். அவரும் திரும்பவில்லை. ஐயர் முகூர்த்தம் தப்பிவிடும் என்று அவசரப்படுத்தினார். மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் வந்தாள்.

"இன்னாப்பா, உன் தட்டுக்காரரு வருவாரா, இல்ல நாங்க தாம்பாளத்தத் தட்டிக்கலாமா?"

பந்தலே சிரித்தது.

தாலி கட்டும்போது கெட்டிமேளம் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். கெட்ட சத்தம் எதுவும் காதில் விழக் கூடாது. என்னிடம் ஒத்து மட்டும் இருந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் நின்று அதை ஊதினேன். ஒரே சுரம். மாப்பிள்ளை முடிச்சுப் போடுகிற நேரத்தில் பந்தலில் யாரோ தும்மினார்கள். ஒற்றைத் தும்மல். ஒத்தைக் கொண்டு அதை மூட முடியுமா? தும்மியது யார் என்று இன்றுவரை தெரியாது.

பந்தியில் இலை போட்ட பிறகு சைக்கிள்காரர் வந்தார். தவில்காரர்கள் இரண்டு பேரும் வாத்தியார் வீட்டு வாசலில் தவிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். நாயனக்காரர் ஏறாமல் தவில்காரன் வண்டி ஏற மாட்டான். எங்கள் வழக்கம் அது. அந்த வழக்கத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு மடையர்களும் உச்சிவேளைவரை உட்கார்ந்திருந்தார்கள். வந்து ஒரு கொட்டு கொட்டியிருந்தால் போதும்.

வாத்தியார் மசூதியில் இருந்தார். முந்தின நாள் கலிமா சொல்லி இஸ்லாத்தில் சேர்ந்துவிட்டார். இனி வாத்தியத்தைத் தொடுவதில்லை என்றும் முடிவு செய்துவிட்டார். சின்ன மகன் காய்ச்சலில் போன பிறகு அவர் அங்கே போய்வருவது எனக்குத் தெரியும். அங்கே அவருக்கு ஆறுதல் கிடைத்தது. அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஊர் திரும்பினதும் தவில்காரர்களில் இளையவர் என்னிடம் வந்தார். "தொப்பி தலைலதான போட்டுகினாரு, வாயிலயா போட்டுகினாரு?" என்றார்.

"நீ ஏன்யா வண்டி ஏறல?" என்றேன்.

போய்விட்டார்.

மேளம் கலைந்தது. நான் செங்கல் சூளைக்குப் போனேன். யுத்தம் வந்ததும் ஆவடியில் பட்டாளத்துக்கு ஷெட் கட்டினார்கள். அங்கே கல் சுமந்தேன். காபி கிளப்பில் அந்தத் தட்டு ஓடினால் காபியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். கூர்ந்து கேட்டால் அதில் என் ஒத்தும் கேட்கும்.

தங்கை வீட்டில் எது நடந்தாலும் தும்மலால் என்றார்கள். உழவு மாடு செத்தது. தும்மல். கிணறு இடிந்தது. தும்மல். பிறந்த குழந்தை மூன்றாம் நாள் செத்தது. அதற்கும் தும்மல். நாலாவது வருஷம் மாமியார் அம்பத்தூரில் மகனுக்கு வேறு பெண் பார்த்தாள். தை பிறந்ததும் உன் தங்கையை வந்து அழைத்துக்கொண்டு போ என்று எனக்குச் சொல்லி அனுப்பினாள்.

அந்த மார்கழியில்தான் வாத்தியார் என் வீட்டுக்கு வந்தார். தாடி நரைத்திருந்தது. கக்கத்தில் நாயன உறை.

"தர்காவுல சந்தனக்கூடு. என்ன ஊதச் சொல்றாங்க" என்றார். "கூடாதுன்னு ஒருத்தரு சொன்னாரு, தொடாம இருந்தேன். இப்ப வேற ஒருத்தரு ஊதலாம்ன்றாரு. எனக்கும் ஊதாம இருக்க முடியல. ஒத்துக்கு எவனும் வரமாட்டேன்றான்."

"என் தங்கச்சி கல்யாணம் ஞாபகம் கீதா?"

"கீது."

"ஏன் ஆள் விடல?"

"ஆள் விட்டா நீ வந்து நிப்ப. உன் மூஞ்சியப் பாத்தா ஊதிடுவேன். அந்த பயந்தான்" என்றார்.

உண்மைதான் சொன்னார். ஆனாலும் என் கோபம் ஏறியது. பயம் அவருக்கு. வாழாவெட்டியாக வரப்போகிறவள் என் தங்கை.

"செம்பரம்பாக்கம் வா. அந்தம்மாகிட்ட உன் வாயால சொல்லு. அப்பால நான் ஒத்து எடுக்கறேன்" என்றேன்.

நடந்தே போனோம்.

மாமியார் முற்றத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் வெளியிலேயே நின்றார். "தப்பு என்னுதும்மா. இந்தப் பொண்ணுமேல இல்ல" என்றார்.

"சரி சாயபு, தப்பு உன்னுது. தும்மல எவன் திருப்பி எடுப்பான்?" அவள் கடலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "நீ உனக்கு வேற வழியத் தேடிகினு பூட்ட. நான் என் புள்ளைக்கு வேற பொண்ணத் தேடறேன். உனுக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமா?"

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். தங்கை கதவோரம் நின்றாள். கழனியிலிருந்து மண்வெட்டியோடு மாப்பிள்ளை வந்தான். எங்களைப் பார்த்தான். எதைப் பற்றிப் பேச்சு என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எனக்குத் தும்மல் கேக்கவே இல்ல மச்சான்" என்றான்.

"இன்னாடா சொல்ற?" என்றாள் அவன் அம்மா.

"மச்சான் என் காதுலயே ஊதிகினு இருந்தாரு. அதுதான் கேட்டுது. அம்பத்தூருக்கெல்லாம் நான் வரலம்மா."

"இத்தினி வருசமா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"யாரும் என்னக் கேக்கலியே."

மண்வெட்டியைப் பிடுங்கி அவன் காலில் போடலாமா என்று எனக்கு வந்தது. நாலு வருஷம். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை அவன் உள்ளேயே வைத்துக்கொண்டு மூன்று வேளையும் சோறு தின்றிருக்கிறான். வாத்தியார் ஒரு நாள்தான் வாயை மூடினார். இவன் தினமும் மூடினான்.

அப்போது தங்கை பேசினாள். அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"நான் கேட்டேன். கொழந்த செத்த அன்னிக்கி, தும்மலாலதானான்னு உன்னத்தான் கேட்டேன். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துகின."

அவன் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினான். மாமியார்கூடக் கடலையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். நானும் வாத்தியாரும் கிளம்பினோம்.

தை பிறந்தது. தங்கையை அழைத்து வர வேண்டியிருக்கவில்லை. மகன் வரமாட்டேன் என்ற பிறகு மாமியார் அம்பத்தூருக்குத் தனியாகப் போய் என்ன செய்வாள்?

நான் சொன்ன சொல்லுக்காகத் தர்காவுக்குப் போனேன். வெயில் சாய்ந்ததும் வாத்தியார் ஊதினார். நாலு வருஷம் தொடாதவர் போலவே இல்லை. வித்தை கொஞ்சம் கெட்டிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும். கெடவில்லை. சனம் அசையாமல் நின்று கேட்டது. நான் கல்லுச் சுமந்த மூச்சை வைத்துக்கொண்டு கீழே அந்த ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகும் அவரோடு போனேன். தொழில் அது. ஊதும்போது சேர்ந்து ஊதுவோம். முடிந்ததும் அவர் வழி அவருக்கு, என் வழி எனக்கு.

அடுத்த வருஷம் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கிற அன்று மேளத்துக்குச் சொல்லட்டுமா என்று மாப்பிள்ளை கேட்டான். இந்தத் தடவை வாயைத் திறந்து கேட்டான்.

"ஒருத்தரும் ஊத வேணாம்" என்றாள் தங்கை. "பேர் சொல்றது எல்லார் காதுலயும் வுழட்டும்."

நான் ஒத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.