அரை இடம் தள்ளி

போன திங்கட்கிழமை காலை, அடையாறு பாலத்தில் ஒரு பழைய ஸ்கூல் வேனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். உள்ளே பன்னிரண்டு குழந்தைகள், உற்சாகமாகக் கை தட்டியபடி!

வேன் என் மயிலாப்பூர் நண்பர் சாமாவுடையது. மிருதங்க வித்வான். வருடத்துக்கு நாலு கச்சேரி வந்தால் அதிகம். மற்றபடி வேன்தான் சோறு போடுகிறது. ஆபீஸ் போக, முன் சீட்டில் எனக்கும் ஓசி சவாரி.

வேனுக்கு வயசாகிவிட்டது. பாலம் ஏறினாலே மூச்சு வாங்கும். தினமும் லேட். இனியும் லேட்டானால் வேறு வேன் பார்த்துக்கொள்வதாகப் பெற்றோர்கள் சொல்லிவிட்டார்கள். பாவம், மனிதர் ஆடிப்போய்விட்டார்.

ஆதம்பாக்கம் மெக்கானிக் ஏழுமலை எஞ்சினைப் பிரித்தார். வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட்டை மாற்றினார். ஸ்பிரிங்குகளையும் கெட்டியானதாகப் போட்டார். வேன் பறந்தது!

கூடவே ஒரு 'டிக் டிக்' சத்தம்... நீங்களும் நானும் பேசாமல் இருந்துவிடுவோம். மிருதங்கக்காரரால் முடியுமா?

"காலப்பிரமாணமே இல்லாம அடிச்சிண்டிருக்கு ஓய், தாங்கலை!"

ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரோடு உட்கார்ந்தார். மிருதங்க வாரை இழுக்கிற கையால், வால்வுகளுக்கு மேலே இருக்கிற டாப்பட் ஸ்குரூக்களையும் இறுக்கினார். சத்தம் போச்சு. மறுநாள் பாலத்தில் வேனும் போச்சு.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது, விஷயம் தெரிந்து ஸ்கூல் கேட்டில் காத்திருந்த அம்மாக்களிடம், "நாளைக்கு ஒரே ஒரு நாள் பாருங்கோ" என்று அவர் கைகூப்பியதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

சாயங்காலம் ஏழுமலை வந்தார். "இன்னா சாமி, அல்லாத்தையும் டைட் பண்ணி வெச்சிகினு கீற? சூடானா வால்வு நீளும். இடம் வுடலன்னா எப்டி மூடும்? மூடலன்னா வண்டி எப்டி இழுக்கும்? அந்த டிக் டிக் கேட்டுகினே இருக்கணும்!"

சாமாவின் முகம் மலர்ந்தது. "இடமா? அரை இடம் தள்ளி எடுக்கற மாதிரியா?"

தாளம் விழுந்ததும் பாட்டை ஆரம்பிக்காமல் கொஞ்சம் காலி விட்டு எடுப்பார்களே... வித்வான்கள் பாஷையில் அதற்குப் பெயர் 'இடம்'.

"அத்த மாரிதான்னு வெச்சிக்கயேன்" என்ற ஏழுமலை, ஸ்குரூக்களைத் தளர்த்தி, மெல்லிய தகடு ஒன்றைச் செருகி இடைவெளியைச் சரி பார்த்தார்.

சத்தமே வரக்கூடாது என்று வீட்டிலும் ஆபீசிலும் நாம் எத்தனை ஸ்குரூக்களை இறுக்குகிறோம்? அப்புறம், ஏன் எதுவுமே ஓடவில்லை என்று முழிக்கிறோம்!

செவ்வாய்க்கிழமை வேன் பாலத்தை ஒரே மூச்சில் தாண்டியது. "அங்கிள், என்ன டிக் டிக்னு சத்தம்?" என்று ஒரு வாண்டு கேட்டது.

"தாளம் போட்டுண்டு வரதுடா கண்ணா... கேளு."

கேட்டில் வேன் நின்றது. பெல் இன்னும் அடிக்கவில்லை. கச்சேரியில் வாசிப்பை முடித்து வைக்கிற தீர்மானம் ஒன்றை, சாமா ஸ்டியரிங்கிலேயே வாசித்து முடித்தார்.