வேண்டாம் என்று சொன்ன சிங்கப்பூர்

எனக்கு வயது எழுபத்து மூன்று. வளர்த்தது நான்கு பிள்ளைகள். மூன்று நான் பெற்றது. ஒன்று என் நாத்தனார் விட்டுப்போனது. நாலு பேரையும் யார் வாசலிலும் நிற்கவிடாமல் வளர்த்தேன் என்று எந்தச் சபையிலும் நிமிர்ந்து சொல்லுவேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது. அதற்குமேல் படித்ததெல்லாம் பஸ் போர்டும், பனியன் பெட்டியில் ஒட்டுகிற லேபிளும்தான். அதனால் இதை எழுத நாளாகிறது. ஆகட்டும். வாயால் சொல்லிவிடலாம் என்று பார்த்தால், என் வாய் நினைத்ததைச் சொல்லாமல் வேறொன்றைச் சொல்லிவிடுகிறது.

வேலம்பாளையத்தில் சின்ன மகன் வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்குக் கீழேயே அவனுடைய தையல் யூனிட். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கிற துணியைத் தைத்துத் தருவது தொழில். ஆர்டர் இருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் மிஷின் ஓடும். குடும்பமாக நாங்கள் போன தூரமெல்லாம் பழனி, திருச்செந்தூர். அங்கேயும் அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டுதான் சாமி கும்பிடுவான். இந்தக் கோடையில் ஆர்டர் மந்தமாக இருந்தது. அப்போது காலேஜில் படிக்கிற பேத்தி ஆரம்பித்தாள்.

"நாம சிங்கப்பூர் போலாம்ங்கப்பா."

"ஏங்கண்ணு, யூனிட்ட வித்துப்போட்டா?"

"டூர்காரங்க கிட்டப் போனாத்தானுங்க அந்த ரேட்டு. நாமளே பார்த்துப் போட்டா, சீசன்ல ஊட்டிக்குப் போறதுக்குக் கொஞ்சம் மேல ஆகும், அவ்வளவுதான்."

அன்றிலிருந்து பொழுதோடு, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டில் சிங்கப்பூர்தான். திருச்சியிலிருந்து போகிற விமானத்தில் வார நடுவில் கிளம்பினால் டிக்கெட் மலிவு என்றாள். காசு கொடுக்காமல் பார்க்கிற இடங்களாகப் பொறுக்கி எடுத்தாள். ராத்திரியில் விளக்குப் போடுகிற பெரிய பெரிய இரும்பு மரங்கள், கடற்கரை, கோயில்கள். என் மருமகளுக்குச் சாப்பாட்டுக் கவலை. குக்கர் கொண்டு போகலாமா என்றாள். ரூமில் விடமாட்டார்கள், சுடுதண்ணீர் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றாள் பேத்தி. உடனே மருமகள் அவலை வறுத்துப் பொடித்து, தாளித்துக் கொட்டி, சுடுதண்ணீர் ஊற்றினால் உப்புமா ஆகிறமாதிரி ஒன்று செய்தாள். அதை எங்களுக்கு இரண்டு நாள் போட்டுச் சோதித்தாள். பேரன், "இதத் திங்கறதுக்கு எதுக்கும்மா கடல் தாண்டோணும்?" என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கினான். கையில் எடுத்துப் போகிற பைக்கு எடைக் கட்டுப்பாடு உண்டாம். கீழே துணி எடை போடுகிற தராசில் பையை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, பேரனின் இரண்டாவது செருப்பு வெளியே வந்தது.

நான் ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கேயும் முருகன் கோயில் இருக்கிறது, தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள் என்று பேத்தி போனில் காட்டினாள். நெய்கிற குடும்பத்தில் பிறந்தவள் நான். தறிக்குழியில் கால் வைக்கும் முன்னாலேயே முருகா என்று சொல்லப் பழகியவள். கடல் தாண்டி அவன் எப்படி நிற்கிறான் என்று பார்க்க ஆசை வந்தது. எனக்கும் சேர்த்துத்தான் பாஸ்போர்ட் எடுத்திருந்தார்கள். அதில் என் படம் நன்றாகவே இருந்தது. தெருவில் காட்டாத ஆள் இல்லை.

எதிர் லைன் வீட்டில் ஒரு ராமநாதபுரத்துப் பெண் குடியிருக்கிறாள். பெருமாநல்லூரில் ஒரு கம்பெனிக்கு வேனில் போய், தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டுகிறாள். ஒரு காலத்தில் நானும் செய்த வேலைதான். அவளிடம் மட்டும் பாஸ்போர்ட்டை இரண்டு தடவை காட்டியிருப்பேன்.

"பாட்டிமா, எங்கூருல கடல் இருக்கு, நாங்க தாண்டல. நீங்க தாண்டப் போறீக" என்றாள்.

"போய்ட்டு வந்து சொல்றேன் கண்ணு" என்றேன். பெருமை எனக்குக் கழுத்துவரை இருந்தது.

ரூம் போடுகிற அன்றைக்குத்தான் விஷயம் வந்தது. பேத்தி லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மலிவா இருக்கறது எல்லாமே நாலு பேரு ரூமுங்கப்பா. அஞ்சாவது ஆளுன்னா இன்னொரு ரூம் போடோணும்."

மகன் மின்விசிறியைப் பார்த்தான். "பையன் கீழ படுத்துக்குவான்" என்றாள் மருமகள். "அங்க தலைய எண்ணுவாங்கம்மா" என்றாள் பேத்தி.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பார்க்காமைதான் என்னைச் சுட்டது. அவர்கள் வாயிலிருந்து ஏதாவது வருவதற்குள் நானே முந்திக்கொண்டேன்.

"எனக்கெதுக்கு அந்தூரு? முட்டி வலியோட எங்க நடக்கறது? கிருத்திகை வேற வருது. நீங்க போய்ட்டு வாங்க."

இதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கம் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர், வீட்டுக்குப் போனால் சாப்பிட வாங்க என்பார்கள். வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டோம் என்போம். வயிறு காய்ந்தாலும் அப்படித்தான். அவர்கள் விடமாட்டார்கள். கையைப் பிடித்து இழுப்பார்கள், இலையைப் போட்டுவிட்டுக் கோபித்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் உட்காருவதுதான் மரியாதை. முதல் தடவை கூப்பிட்டதும் உட்காருகிறவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். என் வயதுக்கு நான் எதையும் முதல் தடவையில் சரி என்றதில்லை. கல்யாணத்துக்கே அப்படித்தான்.

மருமகள் கூப்பிட்டாள். அவளும் இந்தப் பக்கத்துப் பெண், அவளுக்குத் தெரியும். "அதெல்லாம் இல்லீங்க அத்தை, நீங்க வராம எப்படி? வாங்க" என்றாள்.

"வேண்டாஞ்சாமி. நான் சொன்னாச் சொன்னதுதான்" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த அழைப்புக்குக் காத்திருந்தேன். அதற்குச் சரி என்று சொல்ல வாய் தயாராக இருந்தது.

கீழேயிருந்து குரல் வந்தது, ஓவர்லாக் மிஷின் நின்றுவிட்டதென்று. மகன் எழுந்து ஓடினான். அடுப்பில் பால் பொங்கி, மருமகள் உள்ளே போனாள். பேத்தி மட்டும் இருந்தாள். என்னைப் பார்த்தாள். "நெசமாலுமே வேண்டாமா அப்பாயி?" என்று கேட்டாள். பேத்தியிடம் போய் ஆசையைச் சொல்வதா? "போ கண்ணு, கம்முனு நாலு பேத்துக்குப் போடு" என்றேன். அவள் போட்டுவிட்டாள். அந்தப் பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிற காலத்தில் பிறந்தவள்.

தெருவுக்கு நான் அதைச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று கிளம்புகிற நாள் வந்துவிட்டது. என்னைப் பெருமாநல்லூரில் மகள் வீட்டில் இறக்கிவிட்டு அவர்கள் திருச்சிக்குப் போவதாக ஏற்பாடு. கார் வந்து நின்றபோது நானும் பட்டுக்கரைச் சேலை கட்டிக்கொண்டு பையோடு நின்றேன். மகன் டிக்கியில் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். எதிர் வீட்டுக்காரி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏரோப்ளேன்ல பயந்துறாதீக பாட்டிமா!"

"பயமென்ன பயம்" என்று கையை ஆட்டினேன். கார் திரும்பியது. அந்தக் கை ஆட்டலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பெருமாநல்லூரில் இருந்த நாளெல்லாம் வாசலுக்கு வரவில்லை. அந்தப் பெண் வேலைக்கு வருகிற ஊர் அது என்று பயம். மகள், "ஏனுங்மா வெயில் பட்டா கரைஞ்சிருவீங்களா?" என்று கேலி செய்தாள். மருமகன் ஒரு கம்பெனிக்குப் பேக்கிங் எடுத்துச் செய்கிறார். கழித்துப்போட்ட பீஸ்கள் வீட்டு மூலையில் கிடந்தன. ஒரு டீசர்ட்டை எடுத்துப் பார்த்தேன். நெஞ்சில் ஒரு சிங்கத் தலை, கீழே இங்கிலீஷ் எழுத்து.

"அது சிங்கப்பூருக்குப் போற சரக்குங்க அத்தை. டூர் வர்றவங்க அங்க வாங்கிட்டுப் போவாங்க" என்றார் மருமகன்.

சிறுபிள்ளை அளவில் ஒன்றைத் தேடி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஊருக்குப் போய்வந்தவள் வெறுங்கையோடு எப்படிப் போவது என்று மனசு சொன்னது. ஊருக்கே போகவில்லையே என்று அது சொல்லவில்லை.

அவர்கள் திரும்பி வந்து என்னை அழைத்துப் போனார்கள். மறுநாள் மருமகள் மாடியில் துணி காயப்போடுகிற நேரம் பார்த்து எதிர் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு என்று டீசர்ட்டைக் கொடுத்தேன். அவள் விரித்துப் பார்த்தாள். சின்னது அதைவிடச் சீக்கிரம் பார்த்துவிட்டது.

"அம்மா, எங்கிட்ட இருக்கே இது! நீ கம்பெனியில இருந்து கொண்டாந்தியே, நான் தூங்குறப்ப போடுவேனே!"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் பிள்ளையின் தலையில் லேசாகத் தட்டினாள்.

"சும்மா இருடி. இங்கிட்டுத் தச்சு அங்கிட்டு விக்கிறாக. பாட்டி அம்புட்டுத் தூரம் போயி வாங்கியாந்திருக்காக, வாங்கிக்க." என்னிடம் திரும்பி, "காது அடச்சுச்சா பாட்டிமா, மேல ஏறயில?" என்று கேட்டாள்.

எனக்குப் பின்னால் படியில் வாளியோடு மருமகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"ஆமாங்க" என்றாள் மருமகள். "அத்தைக்குக் கொஞ்சம் அடைச்சுதுங்க. பஞ்சு வெச்சு உட்டேன்."

எழுபத்து மூன்று வயதில் எனக்காக இரண்டு பெண்கள் பொய் சொல்ல நேர்ந்தது. ஒருத்தி என் வீட்டுச் சோறு தின்னாதவள். இன்னொருத்திக்கு நான் இருபது வருடமாகப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறேன், பொய் மட்டும் இந்த வீட்டில் கூடாதென்று.

உள்ளே வந்ததும் மருமகள் என்னைச் சாப்பிட உட்காரவைத்தாள். தட்டு வைத்தாள், சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க அத்தை, வரோணும்னு இருந்துச்சுங்களா?"

அவ்வளவு நல்லபடியாக யார் கேட்பார்கள்? நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எனக்கெதுக்கு" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்த டீசர்ட்டுக்காகப் பட்ட வெட்கத்தைவிட இதற்குப் பட்ட வெட்கம் அதிகம். அன்றிலிருந்து அவள் தட்டு வைக்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதினேன். எழுத்து வாயைப்போல ஓடிப்போகாது, போட்ட இடத்தில் நிற்கிறது.

எனக்கு வர வேண்டும் என்று இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்தது. அந்த அவல் உப்புமாவை அங்கே உட்கார்ந்து தின்ன வேண்டும் என்றுகூட இருந்தது. இன்னொரு தடவை எங்காவது போவதானால், ஒரே தடவை கூப்பிட்டால் போதும், வந்துவிடுவேன். எதிர் வீட்டுக்காரியிடமும் போய், நான் போகவில்லை என்று என் வாயால் சொல்லப் போகிறேன். அது நாளைக்கு. இன்றைக்கு இது.

கண்ணு, இங்கே வா. போனைக் கீழே வை. உங்கப்பாவும் அம்மாவும் சாப்பிட உட்காரட்டும். என் கையெழுத்து கோணலாக இருக்கும், பார்த்துப் படி. முதலிலிருந்து சத்தமாகப் படி சாமி, நானும் கேட்கிறேன்.