பத்தொன்பது நாளில் ஒரு கம்பளிக் காற்சட்டை

அந்தக் கம்பளி நூலுக்கு ஆட்டு மணம். நனைந்த ஆடு ஒன்று அறைக்குள் வந்து படுத்திருப்பது போல... கையில் எடுத்தால் விரலெல்லாம் எண்ணெய்ப் பிசுபிசுப்பு.

எண்பதுகளின் நடுப்பகுதி. எஸ்பியர்க் என்ற டெனிஷ் துறைமுக நகரில் நாங்கள் நான்கு ஆம்பிளைகள் ஒரே வீட்டில் இருந்தோம். நான்கு பேருக்கும் மீன் தொழிற்சாலையில்தான் வேலை. உடம்பெல்லாம் மீன் வெடுக்கோடு வீட்டுக்கு வருகிறவர்கள், என் நூல்தான் நாறுகிறதென்று அதை வெளியே வைக்கச் சொன்னார்கள். நான் வைக்கவில்லை.

நான் ஊரைவிட்டு வெளிக்கிடும்போது என் மனைவி மலருக்கு ஐந்து மாதம். மகள் வதனி பிறந்த செய்தி, பிறந்து ஒரு மாதம் கழித்துக் கடிதத்தில்தான் வந்தது. இங்கே இருக்க அனுமதி கிடைத்த உடனேயே அவர்களைக் கூப்பிடப் பேப்பர் போட்டேன். மூன்று மாதத்தில் வந்துவிடுவார்கள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

வேலையில் எனக்குப் பக்கத்தில் நின்றவள் கியர்ஸ்டன் என்ற டெனிஷ்காரி. என் வயதுதான் இருக்கும். பிள்ளை பெற்று, லீவு முடிந்து வந்திருந்தாள். இடைவேளையில் எல்லோரும் கோப்பி குடிக்க, அவள் பின்னிக்கொண்டிருப்பாள். பொம்மைக்குப் போடுகிற காற்சட்டை மாதிரி ஒன்று. என்னவென்று கேட்டேன். பிள்ளைக்கு இடுப்பில் கட்டுகிற துணி நாப்பிக்கு மேலே போடுவதாம். ஆட்டின் எண்ணெய் போகாத கம்பளி என்பதால் ஈரம் லேசில் வெளியே வராதாம், பனிக்காலத்திலும் பிள்ளைக்குச் சூடாக இருக்குமாம்.

ஒன்று பின்ன எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டேன். இரண்டு பின்னேரம் என்றாள்.

இரண்டு பின்னேரம்தானே...

எனக்குப் பத்தொன்பது நாள் எடுத்தது!

கண்ணி நழுவும். நழுவியது தெரியாமல் நாலு விரற்கடை பின்னிவிட்டு, பிறகு அவ்வளவையும் இழுத்துப் பிரிப்பேன். கியர்ஸ்டன் இடைவேளையில் வாங்கிப் பார்ப்பாள், பிழை விட்ட இடத்தில் விரலை வைப்பாள், திருப்பித் தந்துவிடுவாள். திருத்தித் தரமாட்டாள். வீட்டில் எங்களுக்குள் இளையவன் தேவன். முதலாவதைத் தூக்கிப் பிடித்து, "அண்ணை, இது பிள்ளைக்கோ, உங்களுக்கோ?" என்று கேட்டான். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கடையில் வாங்கலாம்தானே என்றும் சொன்னார்கள். வாங்கியிருக்கலாம். ஆனால் பிள்ளை பிறக்கும்போது நான் பக்கத்தில் இல்லை. தூக்கவில்லை, தாலாட்டவில்லை. தகப்பன் என்று சொல்ல நான் ஒன்றுமே செய்திருக்கவில்லை. இந்தக் குளிருக்குள் வரப்போகிற பிள்ளைக்கு இதையாவது என் கையால் செய்யவேண்டும் என்று ஒரே பிடியாக நின்றேன்.

அளவு கேட்டு மலருக்கு எழுதினேன். அவள் பிள்ளையின் இடுப்பைச் சுற்றி நூல் பிடித்து வெட்டி, கடிதத்துக்குள் மடித்து வைத்து அனுப்பினாள். வெள்ளை நூல் இடுப்புக்கு, சிவப்பு நூல் தொடைக்கு. அந்த நூலை என் பெருவிரலில் சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன்... இவ்வளவுதான் என் பிள்ளை.

ஆனால் கடிதம் வர ஒரு மாதத்துக்கு மேல். நான் பின்னி முடிக்க இன்னும் கொஞ்ச நாள். அதற்குள் அடுத்த கடிதம் வரும், பிள்ளை நல்லாக் கொழுத்துவிட்டாள் என்று. உள்ளே நீளமான நூல் இருக்கும்.

சரி, அடுத்தது. பேப்பர் இழுபட்டது. வெளிநாட்டவர் பேப்பர்களைப் பார்க்கிற காவல் நிலையத்துக்குப் போய்க் கேட்டால், பொறுத்திருக்கச் சொல்லி அனுப்புவார்கள். நான் வந்து ஊசியை எடுப்பேன். இரண்டாவது பதினொரு நாள். மூன்றாவது ஆறு நாள். ஐந்தாவதை இரண்டு பின்னேரத்தில் முடித்துக் கியர்ஸ்டனிடம் காட்டினேன். அவள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், விரலை எங்கேயும் வைக்கவில்லை. என் கை வேகமாகிவிட்டது. பேப்பர்தான் அசையவில்லை.

கடைசியில் ஒரு மாசி மாதம் வந்து சேர்ந்தார்கள். கோபன்ஹேகன் விமான நிலையத்தில் நான் கைக்குழந்தையைத் தேடிக்கொண்டு நிற்கிறேன்... வதனி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். என்னைக் கண்டதும் தாயின் சீலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள்.

ரயிலில் அவள் நித்திரையான பிறகு, ஐந்தாவது காற்சட்டையை எடுத்து மலரிடம் கொடுத்தேன். கன நேரம் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள்.

"இவளுக்கு இது தேவையில்லையப்பா. ஒண்டுக்கு வந்தால் இப்ப வாயாலை சொல்லுவாள். அங்கத்தை வெக்கைக்கை நான் ஒருநாளும் இவளுக்கு நாப்பி கட்டினதில்லை."

எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்குத்தான் கட்டினார்கள்? எனக்கு அது நினைவிலேயே வரவில்லை.

"பிறகேன் ஒவ்வொருமுறையும் அளவு அனுப்பினனீர்?"

"வெளிநாடு போன எத்தினை பேர் கடிதம் போடுறதையே விட்டிட்டினம். நீங்கள் அளவு கேக்குமட்டும் எனக்குப் பயமில்லை. அதுதான் அனுப்பினனான்."

வெளியே பார்த்துக்கொண்டு அழுதேன்.

வதனிக்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் இப்போது ஹோர்சன்ஸ் நகரில் இருக்கிறாள். அவளுக்கு மகன் பிறந்தபோது மருமகன் பிரசவ அறைக்குள்ளேயே நின்றார். பிள்ளை வயிற்றுக்குள் இருந்த காலத்திலேயே ஸ்கேன் படத்தைப் போனில் எங்களுக்குக் காட்டிவிட்டார். பிள்ளை வந்த முதல் நிமிடமே அவர் நெஞ்சில் கிடந்தானாம். லீவும் எடுத்திருந்தார். நல்ல காலம், நல்ல பிள்ளை. ஆனாலும் எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

பார்க்கப் போயிருந்தோம். கதையோடு கதையாக வதனி டெனிஷில் கேட்டாள், தான் பிறந்தபோது எப்படி இருந்தாள் என்று. தாயைத்தான் கேட்டாள். நான் முந்திக்கொண்டேன்.

"எனக்கு நீ பிறக்கேக்கை உனக்கு இருபது மாசம், பிள்ளை."

அவள் எழும்பிவந்து மகனை என் கையில் வைத்தாள். பிறந்து மூன்றே நாள். இரண்டு கைக்குள் அடங்கிவிட்டான்.

இவ்வளவு சின்னனாகவா அவள் இருந்திருப்பாள்...