பனியன் கம்பெனியில் ஜாவா ஃபோல்டர்கள்

ஜாவா என்ற கணினி மொழியில் ஒரு ஃபோல்டர் உருவாக்க ஒரே வரி போதும். அதைப் பனியன் கம்பெனிக்காரர்கள் கையில் கொடுத்த பிறகுதான் மற்ற வரிகளை எல்லாம் எழுத வேண்டிவரும்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், எம்.சி.ஏ. முடித்த கையோடு திருப்பூரை அடுத்த அவிநாசி பக்கம் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்தேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு ஃபோல்டர், அதற்குள் அளவு, கலர், மெயில் என்று ஃபைல்கள். இவற்றை உருவாக்கும் புரோகிராம் எழுதுவது என் வேலை. பையர், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, அனுப்பும் ஆள் பார்வையிட வரும்போது அது ஓட வேண்டும், ஓடாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்தக் கம்பெனியில் நான் பேசியதைவிடத் தலையாட்டியதே அதிகம்.

தயார் என்றது திரை

சாந்தி அக்கா மெர்ச்சண்டைசர். பையருக்கும் தையல் ஹாலுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருப்பவர். முதல் ஆர்டர் நம்பரை அவர்தான் அடித்தார். 'ஃபோல்டர் தயார்' என்று திரையில் வந்தது. எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

அவதிப்பட்டவர்களுக்குத் தெரியும், ஃபோல்டர் உருவாக்கும் இந்த mkdir என்ற கட்டளை ஓர் அமுக்குணி. பையர் பெயரில் மேல் ஃபோல்டர் இல்லையென்றால், உள் ஃபோல்டரை உருவாக்காது. சத்தமும் போடாது, முடியவில்லை என்பதை false என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விடும். அந்த முணுமுணுப்பை நான் கேட்கவே இல்லை, எது நடந்தாலும் 'தயார்' என்று காட்டும்படி எழுதியிருந்தேன். டீ ஆறுவதற்குள் அக்கா என் மேசைக்கு வந்துவிட்டார்.

"ஏங்கண்ணு, ஃபோல்டர் ரெடின்னு சொல்லுது. உள்ள போய்ப் பாத்தா ஒண்ணையுங் காணமே."

சாய்வுக்கோடு

mkdir-ஐ mkdirs என்று மாற்றினேன். இது மேல் ஃபோல்டர் இல்லாவிட்டால் அதையும் தானே செய்துகொள்ளும். ரொம்ப நல்ல பிள்ளை, சொன்னதை எல்லாம் கேட்கும். சிக்கலே அதுதான்.

எங்கள் கம்பெனியில் ஆர்டர் நம்பருக்கு நடுவில் சாய்வுக்கோடு போடாமல் யாருக்கும் கை ஓடாது. சீசன், ஒரு கோடு, பையர், ஒரு கோடு, ஸ்டைல், ஒரு கோடு, கலர். அட்டைப்பெட்டி முதல் கட்டிங் டேபிள் வரை அப்படித்தான். ஜாவாவுக்கோ கோடு என்றால் உள்ளே இன்னொரு ஃபோல்டர். கட்டிங் பார்க்கும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த செல்வராஜ் அண்ணன் ஒரு நம்பரை அடித்துவிட்டு, ஃபோல்டருக்குள் ஃபோல்டராகத் திறந்துகொண்டே போனார். நான் பின்னால் நின்று அவற்றை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"எம்மா தங்கச்சி, ஒரு கதவத் தொறந்தா இன்னொரு கதவு வருது. உள்ள ஆளு இருக்கா, இல்லியா?"

பையரின் ஆள் வந்த அன்று

சாய்வுக்கோடுகளை எல்லாம் புரோகிராமே படுக்கைக் கோடுகளாக மாற்றிக்கொள்ளும்படி செய்துவிட்டுத்தான் அந்த நாளுக்குக் காத்திருந்தேன். வந்தவர் பெங்களூர்க்காரர், அமைதியானவர். கேட்ட ஆர்டர் ஒவ்வொன்றும் உடனே திறந்தது. முதலாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கடைசியாக, புது சாம்பிளின் அளவுகளைத் தன் கண்முன்னே ஏற்றச் சொன்னார் வந்தவர். பாதிக்கு மேல் அடித்திருப்பேன், கரண்ட் போனது. தையல் மெஷின்கள் ஒரே நேரத்தில் அடங்கின.

ஜெனரேட்டர் உறுமி, கணினி உயிர் பெற்றதும் ஃபைலைத் திறந்தேன். பெயர் இருந்தது, உள்ளே வெறும் வெள்ளை. அடித்ததை எல்லாம் கடைசியில் மொத்தமாகச் சேமித்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். சாந்தி அக்கா சாம்பிளை மேசையில் விரித்து டேப்பை எடுத்தார். அவர் கழுத்து, தோள், கை என்று அளந்து சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொரு அளவையும் அடித்தவுடன் சேமித்தேன். வந்தவர் டீ குடித்துக்கொண்டே காத்திருந்தார். போகும்போது, மற்ற கம்பெனிகளில் ஒரு அளவைத் தேடி எடுக்கவே மதியம் ஆகிவிடும் என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளி என்னைப் பார்க்கவில்லை, மேனேஜரைத்தான் கூப்பிட்டார்.

"புள்ள இருக்கட்டுங்க. அந்த மெசினுக்கு மொதல்ல ஒரு யூபிஎஸ் வாங்கி வைங்க."

கல்லூரியில் எனக்கு ஜாவாவைச் சொல்லிக்கொடுத்தவர்கள், அது கரண்டில்தான் ஓடுகிறது என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்கத் திருப்பூரிடம் விட்டுவிட்டார்கள்.