பூப்பொட்டலம் கட்டிக் கொடுத்தவன்

கோயில்ல ரசீது எழுதற வேலைன்னா சாமிக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கறதுன்னு ஊரே நெனைக்குது. நெசத்துல அந்தக் கோயில்ல சாமிக்கு முதுகக் காட்டீட்டு உக்காந்திருக்கற ஒரே ஆளு நாந்தானுங்க.

கொல்லங்கோட்டுக்கும் கோவிந்தாபுரத்துக்கும் நடுவால ஒரு முருகன் கோயில். அதுல வழிபாட்டு ரசீது எழுதற ஜன்னல்ல பதினொரு வருசமா இருக்கேன். கம்பிவலையில முகம் சரியாத் தெரியாது. கீழ இருக்கற சந்துல கை மட்டும் உள்ள வரும். பேரு, நட்சத்திரம், என்ன வழிபாடு, இதைத் தாண்டி நான் ஒண்ணும் கேக்கறதில்ல. கேக்காமலே சனம் மிச்சத்தையெல்லாம் கொட்டிரும். பேங்குலயோ ரேஷன் கடையிலயோ வில்லேஜ் ஆபீசுலயோ ஜன்னலுக்குப் பின்னால உக்காந்து ஊரார் வெசனத்தக் கேட்டுக் காது புளிச்சவங்க உங்கள்ல யாராச்சும் இருந்தா, நான் படற பாடு அவங்களுக்குத் தெரியும். ஒரே வித்தியாசம், உங்க ஜன்னலுக்கு மேல 'அவனன்றி ஓரணுவும் அசையாது'ன்னு நீலப் பெயிண்ட்ல எழுதி வெச்சிருக்க மாட்டாங்க. என் ஜன்னலுக்கு மேல எழுதியிருக்குது.

அந்த எழுத்த நம்பி நான் வாய மூடீட்டு இருந்ததுல ஒரு புள்ளையோட வாழ்க்கை கெட்டுப்போச்சு. சொல்ல வந்ததே அதைத்தான். நேரா அங்க போறதுக்குத் தைரியம் பத்தல, கொஞ்சம் சுத்தித்தான் வருவேன். கோவிச்சுக்காதீங்க.

ஒரு வரப்புக்கு ரெண்டு பேரு

எதிரி தொல்லை நீங்கறதுக்குன்னு எங்க கோயில்ல ஒரு அர்ச்சனை உண்டு, சத்ரு சம்ஹார புஷ்பாஞ்சலின்னு பேரு. பண்றவங்க பேரும் நட்சத்திரமும்தான் ரசீதுல எழுதுவோம், எதிரி பேரு எழுதற வழக்கமில்ல. எதிரி ஆருன்னு முருகனுக்குத் தெரியாதா? ஒரு செவ்வாக்கிழமை காலையில ஒரு விவசாயி வந்தாரு. எதிரி பேரையும் எழுதித்தான் ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. எதிரி வேற ஆருமில்ல, கூடப் பொறந்த தம்பி. வரப்ப வெட்டிப் போட்டானாம். அவரச் சமாதானப்படுத்தி அனுப்பி அரை மணி நேரங்கூட ஆகல, தம்பிக்காரன் வந்து அதே அர்ச்சனையக் கேக்கறான்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? உங்கண்ணன் இப்பத்தான் பண்ணீட்டு பிரகாரத்துல சுத்தீட்டிருக்காருன்னு சொல்லிப்போட்டேன். அவ்வளவுதான். கொடிமரத்துக்குக் கீழ ரெண்டு பேரும் சட்டையப் புடிச்சுக்கிட்டாங்க. அண்ணங்காரரு வேட்டி அவுந்து போச்சு. பூசாரி நடுவால புகுந்து கன்னத்துல ஒண்ணு வாங்கீட்டு வந்தாரு. சாயங்காலம் மேனேஜர் என்னைய ரூமுக்குக் கூப்புட்டு ஒரு மெமோவ நீட்டுனாரு. சத்தம் போடல, அமைதியாத்தான் சொன்னாரு.

"சாமி தெனமும் எத்தனையோ பேரு சொல்றதக் கேக்கறாரு, ஒருத்தர்கிட்டயாவது போயிச் சொல்லியிருக்காரா? நீங்களும் அப்பிடியே இருங்க."

மண்ணு சரிஞ்ச லயம்

அதுக்கப்பறம் நான் சாமி மாதிரியே ஆயிட்டேன். ஆரு என்ன அழுதாலும் ஒரே பதில்தான், "எல்லாம் அவன் செயல்." ரசீதக் கிழிச்சுக் குடுக்கறப்பவே அதையும் சேத்துக் குடுத்துருவேன். சனத்துக்கும் அது புடிச்சுது. சில பேரு அதைக் கேக்கறதுக்குன்னே எங்கிட்ட வந்தாங்கன்னு வெச்சுக்குங்களேன்.

ஒரு மழைக்காலத்துல ஒரு அம்மா வந்தாங்க. இடுக்கிப் பக்கம் தேயிலை எஸ்டேட்ல கொழுந்து பறிச்சவங்க. மலை சரிஞ்சு அவங்க குடியிருந்த லயத்துல, அதான் எஸ்டேட்டுக்காரங்க கட்டிக் குடுத்த வரிசை ஊடு, பாதி மண்ணுக்குள்ள போயிருச்சு. கஞ்சிக்கோட்டுல கம்பெனி வேலை பாக்கற தங்கச்சி ஊட்டுல வந்து இருந்தாங்க. மோட்ச தீபத்துக்கு அஞ்சு பேரு சொன்னாங்க. நாலு பேருக்கு நட்சத்திரம் தெரிஞ்சுது. கடசிப் பேரு பேரப்புள்ளையோடது, அதோட நட்சத்திரம் ஞாபகம் வரல. பெத்தவகிட்டக் கேக்கலாம்னா அவளும் அந்த அஞ்சுல ஒருத்தி. நீங்களே எதாச்சும் ஒண்ணு எழுதிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. ரோகிணின்னு எழுதினேன். எழுதீட்டு, வழக்கம்போல எல்லாம் அவன் செயல்னேன். ரசீத வாங்க வந்த கை அப்பிடியே நின்னு போச்சு.

"மழை அவன் செயல்தாண்ணே, ஒத்துக்கிடுதேன். ஓடைக்கு நேர் கீழ லயத்தக் கட்டி, அதுல எங்களக் குடிவச்சது யாரு செயலு?"

நாகமணியம்மாளோட கை

அந்தக் கேள்வி எனக்குப் புடிக்கல. மலைக்காட்டுச் சனம் துக்கத்துல என்னமோ பேசுதுன்னு ஒதுக்கி வெச்சுட்டேன். மனசுக்குள்ள கெடந்து அரிச்சுது, அது வேற.

நாகமணியம்மா மாசாமாசம் சஷ்டிக்கு வர்றவங்க. ஒரே பேரு, ஒரே நட்சத்திரம். "மகன் தினேஷுங்க, கேட்டைங்க." கஞ்சிக்கோட்டுல இரும்புக் கம்பெனியில சூப்பர்வைசர். நாலு பேருக்கு முன்னால மரியாதையான பையன், எனக்கே பஸ்ஸுல எந்திரிச்சு எடம் குடுத்திருக்கான். ஊட்டுக்குள்ள குடிச்சா ஆளே வேற. அப்பன் இல்லாத ஊடு, அடி வாங்கறதுக்கு இருந்தது அம்மா மட்டுந்தான். ஒரு மாசம் வலது கையில வளையலே இல்ல, மணிக்கட்டு வீங்கி வளையல் ஏறாதுன்னாங்க. இன்னொரு மாசம் விரல்ல கட்டு. முகத்தப் பாக்காட்டியும் அந்தம்மா பட்ட பாட்ட நான் கையப் பாத்தே தெரிஞ்சுக்குவேன். போலீசுல சொல்லுங்கன்னு ஒருக்காச் சொல்லிப் பாத்தேன். பெத்தவ சொல்லுவாளான்னு திருப்பிக் கேட்டாங்க. அப்பறம் நானும் எல்லாம் அவன் செயல்னு சொல்லித் தாட்டி விட்டேன். அந்தம்மா ஒரு வழி கண்டுபுடிச்சு வெச்சிருந்தாங்க. மகனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருந்தாங்க.

"ஒரு கலியாணத்தப் பண்ணி வெச்சுட்டா போதுமுங்க, வர்றவ பாத்துக்குவாளுங்க."

வெள்ளைப் பூ

எங்க பக்கத்துல கலியாணம் முடிவு பண்றதுக்கு முன்னால பூப் போட்டுப் பாப்பாங்க. ஒரு பொட்டலத்துல வெள்ளைப் பூ, இன்னொண்ணுல செவப்பரளி. ரெண்டையும் ஒரே மாதிரி கட்டிச் சாமி காலடியில வெச்சு, பூசாரி கண்ண மூடி ஒண்ண எடுப்பாரு. வெள்ளை வந்தா உத்தரவு, செவப்பு வந்தா வேண்டாம். சொந்தக்காரங்க தில்லுமுல்லு பண்ணக் கூடாதுன்னு எங்க கோயில்ல பொட்டலத்த ரசீது எழுதறவந்தான் கட்டணும். அதாவது நான்.

பழனிச்சாமி அண்ணன் எனக்குப் பள்ளிக்கூடத்துல மூணு வகுப்பு மூத்தவரு. தென்னந்தோப்பும் கொஞ்சம் நெல்லு வயலும் உண்டு. பொண்டாட்டி போனதுக்கப்பறம் ஒத்தப் புள்ள கவிதாவ அவரே வளத்தாரு. புள்ள கொல்லங்கோட்டுல துணிக்கடையில வேலைக்குப் போயிட்டிருந்துச்சு. ஒரு நாள் புள்ளையையும் கூட்டீட்டுப் பூப் போட வந்தாரு. மாப்பிள்ளை பேரச் சொன்னாரு. "தினேஷு, கேட்டை நட்சத்திரமுங்க."

என் பேனா நின்னு போச்சுங்க. அதே தினேஷான்னு ஊட்டு அடையாளம் கேட்டேன், அதே ஊடுதான். சொல்லீரலாம்னு வாயத் தொறந்தேன். மேனேஜர் ரூமு கதவு தொறந்து கெடந்துச்சு, அந்த மெமோ ஞாபகம் வந்துச்சு. இன்னொண்ணும் தோணுச்சு. எனக்கே தெரிஞ்சது முருகனுக்குத் தெரியாதா, அவரே செவப்பக் குடுத்துருவாரு, நான் எதுக்கு நடுவால? தட்டுல செவப்பரளி நெறையக் கெடந்துச்சு. ரெண்டு பொட்டலத்துலயும் அதையே வெச்சுக் கட்டீரலாம்னு கை போச்சு. தெய்வ குத்தமாயிரும்னு பயந்து கைய இழுத்துக்கிட்டேன். யோக்கியனாட்ட ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செவப்புக் கட்டிக் குடுத்தேன்.

வெள்ளை வந்துச்சு.

அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம். போற வழியில அண்ணன் ஜன்னலுக்குக் குனிஞ்சு, ஏனுங்க, நீங்க நாலு பேரப் பாக்கறவரு, அந்த ஊடு எப்பிடீங்கன்னு கேட்டாரு. கேட்டாருங்க, எங்கிட்டயே கேட்டாரு. நான் தலைக்கு மேல இருந்த எழுத்தக் காட்டி, சாமியே சொன்னதுக்கப்பறம் நான் சொல்றதுக்கு என்ன இருக்குதுன்னேன். புள்ள அந்த வெள்ளைப் பூவத் தலையில வெச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அண்ணந்தான் தலையாட்டீட்டே சொன்னாரு.

"அதுஞ்செரிதானுங்க. சாமிக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சறப் போகுது."

ரெண்டு கையிலயும் வளையல்

கலியாணத்துக்குப் போயி வயிறாரச் சாப்புட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு நாகமணியம்மா சஷ்டிக்கு வந்தாங்க. ரெண்டு கையும் உள்ள வந்துச்சு. ரெண்டுலயும் கண்ணாடி வளையல் நெறைய, வீக்கமில்ல, கட்டுமில்ல. பாலபிஷேகம் எழுதச் சொன்னாங்க, நேத்திக்கடனாம். நல்ல சேதின்னுதான் நானும் நெனைச்சேன். அந்தம்மா சொன்னதக் கேட்டதுக்கப்பறம் அன்னைக்குச் சோறு எறங்கல.

"முருகன் கண்ணத் தொறந்துட்டாருங்க. இப்பெல்லாம் எம்மேல கையே வெக்கறதில்லீங்க."

வலது காது

அன்னைக்குச் சாயங்காலமே பழனிச்சாமி அண்ணன் ஊட்டுக்குப் போயி விசயத்தச் சொல்லி, புள்ளையக் கூட்டீட்டு வந்துருங்கன்னு சொல்லலாம்னு கெளம்பினேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். ஒரு டீ குடிச்சேன். புருசன் பொண்டாட்டி சமாச்சாரம், முடிஞ்ச கலியாணம், நாம போயிக் கொளப்பறதான்னு நெனைச்சுட்டுத் திரும்பி வந்துட்டேன். என் பாவத்துலயே பெரிய பாவம் எதுன்னு கேட்டா, பூவுக்கு முன்னால வாய மூடுனதவிட அந்த டீயக் குடிச்சுட்டுத் திரும்பி வந்ததுதான்.

அதுக்கப்பறம் எட்டொம்பது மாசம் இருக்கும். கிருத்திகைக் கூட்டம், எனக்கு எரிச்சலா இருந்துச்சு. ஜன்னல்ல ஒரு பொம்பளப்புள்ள வந்து நின்னுச்சு. பேருன்னேன். பதிலில்ல. நட்சத்திரம்னேன். அதுக்கும் பதிலில்ல. பின்னால வரிசை நிக்குது, காது கேக்காதா அம்மிணின்னு கத்திப்போட்டேன். அந்தப் புள்ள முகத்தத் திருப்பி, வலது காதக் கம்பிவலையில ஒட்டி வெச்சுட்டு, இப்பச் சொல்லுங்கன்னுச்சு. அப்பறந்தான் பாத்தேன், கவிதா.

வழிபாடு அவங்கப்பா பேருக்கு. பூப் போட்டு நாந்தான புள்ளையக் குடுத்தேன்னு அந்த மனுசன் சரியாச் சாப்புடறதில்லையாம், கோயில் பக்கம் தலை வெக்கறதில்லையாம். அந்தப் புள்ளைக்கு எடது காது இனிக் கேக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். அப்பா ஊட்டுக்கே திரும்பி வந்துட்டதையும், கேஸு நடக்கறதையும், கஞ்சிக்கோட்டுல வேலை கெடைச்சதையும் நான் கேக்கக் கேக்க ஒவ்வொண்ணாச் சொல்லுச்சு. அழுகல. எனக்குத்தான் கண்ணுல தண்ணி நின்னுச்சு. எத்தனையோ நாளா எனக்குள்ள சுத்தீட்டிருந்தது அப்ப முன்னால வந்து நின்னுச்சு. அவனன்றி ஓரணுவும் அசையாதுன்னா, அந்தப் புள்ள கன்னத்துல எறங்குன கையையும் அவந்தான் அசைச்சானா? அப்பிடிச் சொல்ல எனக்கு நாக்கு வரல. அந்தக் கை தினேஷோடதுதான்னா, என் நாக்கும் என்னுதுதான?

அவன் அடிக்கறவன்னு எனக்கு முன்னமே தெரியும் அம்மிணின்னேன். தெரியுமுங்கன்னுச்சு. கோயில்ல ரசீது எழுதறவருகிட்டச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கேன், அவருகூட ஒண்ணும் சொல்லலைன்னு மாமியாரே ஒரு நாள் சொன்னாங்களாம். வெள்ளைப் பூ வந்துருச்சே கண்ணு, அதுக்கு மேல நான் என்னன்னு ஆரம்பிச்சேன். முடிக்கல. அந்தப் புள்ள ரசீத மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு, கோவமே இல்லாமச் சொல்லுச்சு.

"எங்கப்பா அன்னைக்கு சாமிகிட்டயும் கேட்டாருங்க, உங்ககிட்டயும் கேட்டாருங்க. சாமிக்கு வாயில்லீங்க."

இப்பெல்லாம் பூப் போட வர்றவங்களுக்கு எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் சொல்லிப்போட்டுத்தான் பொட்டலம் கட்டறேன். அதுக்கு மேனேஜர் இன்னும் ரெண்டு மெமோ குடுத்துட்டாரு, முருகன் இதுவரைக்கும் ஒண்ணும் குடுக்கல.