கறையைப் பாத்தா அத்தைக்குக் கை நிக்காது

எங்க அத்தை வீட்டுக்கு விருந்துக்குப் போனா, ஸ்பூனை வாயில வைக்கிறதுக்குள்ள பிடுங்கி முந்தானையில ஒரு தேய் தேய்ப்பாங்க. "இரு இரு, கறை!" தொழில் புத்தி. ஆராய்ச்சிக்கூடத்துல அவங்க வேலையே, நகம் அளவு எஃகுத் துண்டை முகம் தெரியிற அளவுக்கு மெருகேத்துறதுதான்.

மாமாவுக்கும் அங்கேயே வேலை. அயனியை வேகமா இரும்பு மேல எய்யிற மெஷின் அவர் கையில. எதுக்குன்னு கேட்டா தொண்டையைச் செருமிக்கிட்டு ஆரம்பிப்பார்: "அணு உலைக்குள்ள இரும்பு வருஷக்கணக்கா நியூட்ரான்கிட்ட அடி வாங்கும்டா. அணுவெல்லாம் இடத்தை விட்டு எகிறும். முக்காவாசி திரும்பி வந்து உக்காந்துக்கும். வராததுங்க விட்ட காலி இடம் ஒண்ணு சேர்ந்து ஓட்டையாகும், இரும்பு வீங்கும். அத்தனை வருஷம் எவன் காத்திருப்பான்? அந்த அடியை நான் ரெண்டே நாள்ல குடுக்கிறேன்." ஏதோ கம்பெடுத்து அடிக்கிற மாதிரிதான் பேச்சு. ஆனா அந்த அடி மேல்தோல்ல மட்டும்தான் விழும். ஒரு முடியை அம்பதாப் பிளந்தா ஒரு பங்கு வருமே, அவ்வளவு ஆழம்.

அங்கதான் அத்தை மாட்டினாங்க. ஆராய்ச்சி பண்ற பொண்ணு ஒண்ணோட துண்டு, மெஷின்ல அடி வாங்கிட்டு வந்து தட்டுல இருந்துச்சு. மேல லேசா பழுப்புக் கறை. மெஷினுக்குள்ள போய் வந்தா அப்படிப் படியறது சகஜம். அத்தை புதுத் துண்டுன்னு நினைச்சு மெருகுச் சக்கரத்துல வச்சுத் தேய்ச்சுட்டாங்க. கறையும் போச்சு, அடிபட்ட தோலும் போச்சு.

அந்தப் பொண்ணோட வேலை மாசக் கடைசியோட முடியுது. ஆராய்ச்சி முடிவைக் காட்டினாத்தான் வேலையை நீட்டிப்பாங்க. அத்தை நேராப் போய்ச் சொல்லிட்டாங்க. "கண்ணு, உன் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டேன்." அது அழவும் இல்ல, திட்டவும் இல்ல. "விடுங்கக்கா"ன்னுச்சு. அதுதான் அத்தையால தாங்க முடியல.

வீட்டுக்கு வந்து மாமாகிட்ட கேட்டாங்க. "ஏங்க, ரெண்டு நாள் மெஷின் குடுங்க."

"வரிசைன்னு ஒண்ணு இருக்கு. டைரக்டரே வந்தாலும் வரிசைதான்."

"நான் டைரக்டரா? பொண்டாட்டி!"

"அப்போ இன்னும் கஷ்டம்."

அத்தை சாப்பிடாமப் போய்ப் படுத்துட்டாங்க. ஆனாலும் காலையில போய், புதுசா ஒரு துண்டை எடுத்து மெருகேத்த உக்காந்துட்டாங்க. மதியம், அங்க ஆராய்ச்சி பண்ற தாடிக்காரர் ஒருத்தர் வந்தார். மெஷின் வரிசையில அடுத்தது அவர் முறை.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் என் ரூமுக்கு வந்தாரு. கதவுகிட்டயே நின்னாரு. ஏதோ என்னைத் திட்டத்தான் வந்திருக்காருன்னு பயந்துட்டேன். 'உங்க ரெண்டு நாளைக் குடுக்க முடியுமா? தப்பு எங்க வீட்டோடது'ன்னாரு. அந்த மனுஷன் வாயில 'முடியுமா'ன்னு ஒரு வார்த்தை இருக்கிறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். எடுத்துக்குங்கன்னுட்டேன்."

அத்தை மூக்கை உறிஞ்சிக்கிட்டு, இன்னொரு தடவை தேய்ச்சாங்க.

மெஷின் ஓடி முடிஞ்சதும் அந்தப் பொண்ணு மைக்ராஸ்கோப் படத்தைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துச்சு. படம் பூரா பொடிப்பொடி ஓட்டை. கண்ணாடி மாதிரி மெருகேத்தின துண்டு இப்படிச் சல்லடையாயிடுச்சேன்னு யாரும் வருத்தப்படல. "எவ்ளோ ஓட்டை! எவ்ளோ அழகா இருக்கு கண்ணு!"ன்னு அத்தை அது கன்னத்தைக் கிள்ளினாங்க.

மாமா அத்தை தோளுக்கு மேல எட்டிப் படத்தைப் பாத்தார். "அடி சரியா விழுந்திருக்கு."

"ஏன், தேய்ச்சது சரியில்லையா?"

"நீ தேய்ச்சா சரியா இருக்கும்னு தெரியாமலா நான் போய்த் தாடிக்காரர் கதவுகிட்ட நின்னேன்?"